கம்பைலர் டைரக்டரிக்கு இன்னொரு சாவி

மார்ச் 3

அக்கா,

உங்கள் கருவியின் பொதுப் பக்கத்தில் நான் போட்ட பேட்சை, அந்த நிரல் மாற்றத்தை, இதற்குள் பார்த்திருப்பாய். கம்பைலர் டைரக்டரியில் யார் ஒரு புள்ளியை மாற்றினாலும் முதல் மெயில் உனக்குத்தானே வரும். அந்தப் புதுப் பெயருக்குப் பின்னால் இருப்பது நான்தான் என்று வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருப்பேன். அப்பா என் வீட்டுக்கு வந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை.

எங்கள் கம்பெனி விற்கிற கம்பைலர் குடும்பம் மொத்தத்தையும், சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றையும், உங்கள் பேக்கேஜ் மேனேஜரில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். வாங்குகிற ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உங்கள் கருவியைத்தான் நம்பி இருக்கின்றன, அதில் நம் பெயர் இல்லாவிட்டால் நம்மை யாரும் சீந்த மாட்டார்கள் என்று மேலதிகாரி கூட்டம் போட்டுப் புலம்பினார். யார் செய்வது என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். உன் தங்கை என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "அக்கா என்னதாம்மா வேலை பாக்கறா? யார் கேட்டாலும் கம்ப்யூட்டர்னு சொல்லி வெக்கறேன்."

பெரிய ஆய்வுக்கூடங்களில் எந்த மென்பொருளையும் அந்தந்தக் கணினியிலேயே மூலத்திலிருந்து கட்டி எடுக்க வேண்டும், ஒன்றைக் கட்டப் பத்து வேண்டும், அந்தப் பத்துக்கு ஐம்பது வேண்டும், எது முதலில் எது அப்புறம் என்று பார்த்து எல்லாவற்றையும் வரவழைத்துக் கட்டிக் கொடுப்பது அக்காவின் கருவி என்றேன். கட்டுகிற ஆள்தான் கம்பைலர்; அந்த இடத்தில் எந்தக் கம்பைலர் இருக்கிறது, அது எந்த வெர்ஷன், எதோடு எது ஒத்துப்போகும் என்று கண்டுபிடிக்கிற பகுதி முழுக்க அக்காவுடையது என்றும் சொன்னேன்.

"அப்போ கொத்தனாரைப் பாத்துப் பொறுக்கி வேலைக்கு வெக்கறவ நம்ம பெரியவ" என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் நலம். லிஃப்ட் இருப்பதால் தினமும் கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறார்.

தங்கை


மார்ச் 7

வாலு,

லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிக்காட்டாமல் உன்னால் ஒரு கடிதம் முடிக்க முடியாதா? என் வீடு மூன்றாம் மாடி, படி செங்குத்து, அப்பாவின் முழங்கால் தாங்கவில்லை. எல்லாம் உண்மை. அவரை நீ அழைத்துக்கொண்டு போன விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வேலை முடிந்து வருவதற்குள் பெட்டி போயிருந்தது, அவர் கட்டிலில் இருந்த விரிப்பைக்கூட நீ மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். ஒரு நாள் பொறுத்திருந்தால் நானே கொண்டுவந்து விட்டிருப்பேன்.

பேட்சைப் பற்றி. பூசி மெழுகாமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உனக்குக் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம், சோதித்துப் பார்க்கத் தனி ஆட்கள், சந்தையில் இருக்கிற அத்தனை வகை இயந்திரமும் ஒரு அறையில். நான் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் சர்வர் அறைக்குப் பக்கத்தில், கோடையிலும் ஸ்வெட்டரோடு, கை உடைந்து டேப் சுற்றிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கருவி வேலையைச் சாப்பாட்டு இடைவேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்கிறேன். ஒருவரும் சம்பளம் தருவதில்லை. நீ அதே வேலையைச் சம்பளத்தோடு செய்ய வருகிறாய்.

என் சைக்கிள் உனக்கு வந்தது. என் சட்டைகள் வந்தன. என் தோழி ஒரு லீவுக்குள் உன் தோழியாகிவிட்டாள். சின்னவள்தானே, விட்டுக்கொடு என்றார்கள், கொடுத்தேன். இப்போது அப்பாவும் அங்கே. எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு டைரக்டரி. அதை ஏற்கவும் மறுக்கவும் உரிமை, நாங்கள் சாவி என்று சொல்வது, ஒன்பது வருடமாக என்னிடம் மட்டும் இருக்கிறது. நீ அதற்குள்ளும் வந்து நிற்கிறாய்.

ரிவியூவில் நீ என் தங்கை இல்லை. வெளியாள் எப்படியோ அப்படித்தான் பார்ப்பேன். குறை இருந்தால் சொல்வேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

சொல்வேன் என்றாய், சொல்லிவிட்டாய். நாற்பதுக்கு மேல் குறைகள். மாறியின் பெயர் நீளம், காலி வரி கூடுதல், விளக்கக் குறிப்பில் முற்றுப்புள்ளி இல்லை. போன மாதம் போட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் இதேபோல ஒரு பேட்ச் கொடுத்தார், அதையும் போய்ப் பார்த்தேன். அவருக்கு நீ சொன்னது மூன்றே குறை. அவர் பேட்சில் முற்றுப்புள்ளியே கிடையாது.

அப்பா இந்தப் பக்கத்தைத் தன் டேப்லெட்டில் திறந்து வைத்துக்கொண்டு தினமும் படிக்கிறார். ஒன்றும் புரிவதில்லை, ஆனால் உன் பெயர் வருகிற இடமெல்லாம் விரலால் தொட்டுப் பார்க்கிறார். நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உனக்கு இத்தனை பதில் எழுதியிருக்கா. எனக்கு ஒரு வரி எழுதலையே" என்றார். திட்டு வாங்குகிற என்மேல் அவருக்குப் பொறாமை. நம் வீட்டில் யாருக்குத்தான் இல்லை?

எல்லாவற்றையும் திருத்திவிட்டேன், ஒன்றைத் தவிர. வெர்ஷன் எண்ணைப் படிக்க நான் எழுதிய தனி விதியைத் தூக்கிவிட்டு, எல்லாக் கம்பைலருக்கும் இருக்கிற உன் பொது விதியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறாய். தனி விதி இல்லாமல் முடியாது என்று எழுதினேன். அதற்கு உன் பதில், "ஆளுக்கு ஒரு விதி வைக்க இது சத்திரம் இல்லை." ஊரே படிக்கிற பக்கத்தில். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள்.

ஏன் தனி விதி என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டளை போட்டாய். சரி, நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.

தங்கை


மார்ச் 30

வாலு,

மாற்றிவிட்டாய், சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின, ஏற்றுக்கொண்டேன். வெளியீட்டிலும் போய்விட்டது. நீ இவ்வளவு சுலபமாகப் பணிவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரம் ஒற்றைக்காலில் நிற்பாய் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

இன்னொரு செய்தி இருக்கிறது. என்னிடமிருந்து கேட்பதுதான் முறை. எங்கள் கருவியைத் தொடங்கியவர் ஒருவர் இருக்கிறார், யார் பேட்ச் போட்டாலும் 'சரி' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுத மாட்டார். மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் உன் பேட்சின் கீழே 'அருமை' என்று எழுதியிருக்கிறார். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எனக்குத் தந்ததில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், சாப்பிடவில்லை.

அதோடு நிற்கவில்லை. உனக்கும் சாவி கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். டைரக்டரி என்னுடையது என்பதால் நான் சம்மதித்தால்தான் நடக்கும். வேண்டாம் என்றால் காரணம்கூடக் கேட்க மாட்டார், 'சரி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இன்னும் பதில் போடவில்லை. உனக்கு அது வேண்டுமா? கம்பெனிக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கம்பெனிக்காகவும் இல்லை, சம்பள உயர்வுக்காகவும் இல்லை.

சைக்கிளும் சட்டையும் எனக்கு வந்தன என்று எழுதினாயே, அவை வரும்போது எப்படி வந்தன என்று உனக்குத் தெரியுமா? சைக்கிளைப் பார்த்தால் 'பெரியவள் எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தா' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் 'அவளுக்குத் தங்கையா' என்று கேட்டுவிட்டுத்தான் என் பெயரைக் கேட்பார்கள். இப்போது அப்பா என் வீட்டில் இருக்கிறார், பேச்சு முழுக்க நீ. அக்கா துணியை இப்படி மடிப்பா, அக்கா கரண்ட் பில்லை முதல் ஆளாக் கட்டுவா, அக்கா டீயில சர்க்கரை கேட்டுத்தான் போடுவா. அவரைக் குளிப்பாட்ட வெந்நீர் வைப்பதிலிருந்து மாத்திரை வரைக்கும் நான் பார்க்கிறேன். மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே உன்னைப் பற்றிச் சொல்கிறார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

கண்ணாடிச் சுவர் அலுவலகத்திலும் இதே கதைதான். இங்கே மூன்று பேர் உன் நிரலைப் படித்துத்தான் இந்த வேலையையே கற்றுக்கொண்டார்களாம். உன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் நான் கை தூக்கியது அதனால்தான். அந்த டைரக்டரியில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்க வேண்டும். கீழே இல்லை, பக்கத்தில்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

தங்கை


ஏப்ரல் 21

வாலு,

பொதுப் பக்கத்தில் நடப்பதை நீயும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். இருந்தாலும் எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒரு வானிலை ஆய்வுக்கூடம் நம் புதிய வெளியீட்டை வைத்து, உங்கள் கம்பைலரால் எல்லாவற்றையும் கட்டியது. மழைக் கணிப்பு மென்பொருள் ஆரம்பித்த உடனே விழுகிறது. அவர்கள் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு காரணம் கிடைத்தது. உங்கள் சி கம்பைலரிடம் வெர்ஷன் கேட்டால் இரண்டு வரி பதில் சொல்கிறது. முதல் வரியில் உங்கள் கம்பெனியின் எண். இரண்டாவது வரியில், எந்த இலவசக் கம்பைலரின் மேல் அது கட்டப்பட்டதோ அதன் எண். ஃபோர்ட்ரான் நீங்களே எழுதியது, அது ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறது. என் பொது விதி கடைசியாக வருகிற எண்ணை எடுக்கும். ஆக, ஒரே பெட்டியில் வந்த சி ஒரு வெர்ஷன், ஃபோர்ட்ரான் வேறு வெர்ஷன் என்று நம் கருவி நினைத்து இரண்டையும் பிரித்துவிட்டது. சி-க்கு ஜோடி இல்லை என்று அந்தக் கணினியில் கிடந்த வேறு யாருடைய ஃபோர்ட்ரானையோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இரண்டும் ஒட்டவில்லை.

பேட்ச் உன் பெயரில் இருப்பதால் உன்னைத்தான் கிழிக்கிறார்கள். 'சொந்தக் கம்பைலரின் வெர்ஷன் தெரியாத கம்பெனி ஆள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது. டீ வாங்கி வந்து, உட்கார்ந்து, மறுபடி படித்தேன்.

பிறகுதான் உறைத்தது. சோதனைகள் எப்படிப் பச்சை காட்டின? உன் பேட்சின் பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீ முதலில் அனுப்பியதில், கம்பைலர் இப்படித்தான் பதில் சொல்லும் என்று சோதனைக்கு வைத்த மாதிரியில் இரண்டு வரியும் இருக்கிறது. என் கட்டளை வந்த பிறகு அனுப்பியதில் இரண்டாவது வரி இல்லை. அந்த மாதிரியில் வேறெதுவும் மாறவில்லை, அந்த ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. இருந்திருந்தால் சோதனை சிவப்பாகியிருக்கும், என் விதி தப்பு என்று எனக்கே தெரிந்திருக்கும்.

தெரிந்தே வெட்டியிருக்கிறாய். மௌனசாமி சாவியைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறார். இதை அவருக்கு அனுப்பினால் உன் கதை அத்தோடு முடிந்துவிடும். அனுப்பட்டுமா?

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

அனுப்பு.

தெரிந்தேதான் வெட்டினேன். நீ தோற்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. உன் பொது விதி வெளியீட்டில் போய் வெடிக்கும், சத்திரம் என்று சொன்ன அதே பக்கத்தில் நீ தலை குனிவாய் என்று கணக்குப் போட்டேன். பேட்சின் மேல் என் பெயர் இருக்கிறது, வெடித்தால் என் முகத்தில்தான் வெடிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்குப் புத்தி மழுங்கிப் போயிருந்தது. எங்கேயோ ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆட்கள் இரண்டு வாரம் அல்லாடுவார்கள் என்பதும் தோன்றவில்லை. அதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். ரிவியூவில் அப்படிச் செய்யச் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருப்பேன். வரியை வெட்டிய கையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுப்பதா என்று யோசிக்கிறார்கள்.

அப்பாவுக்கு இங்கிலீஷில் கிண்டல் புரிவதில்லை. இன்றைக்கு நிறையப் பேர் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டார். நானும் ஆமாம்ப்பா என்றேன்.

தங்கை


ஏப்ரல் 25

வாலு,

மௌனசாமிக்கு நான் அனுப்பியது வேறு. பொதுப் பக்கத்திலும் அதையே போட்டிருக்கிறேன், உங்கள் மேலதிகாரி படிக்கட்டும். பேட்சை எழுதியவரின் முதல் வடிவம் சரியாக இருந்தது, அதை மாற்றச் சொல்லி வற்புறுத்தியது நான், ஏன் அப்படி எழுதியிருக்கிறார் என்று கேட்காமல் மாற்றச் சொன்னேன், இரண்டு வரிப் பதில் முதல் நாளே என் கண் முன்னால் இருந்தும் படிக்கவில்லை என்று எழுதினேன். உன் முற்றுப்புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. நீ வரியை வெட்டியதையும் எழுதவில்லை. பழைய வடிவங்கள் அங்கேயே இருக்கின்றன, தேடுகிறவர் தேடிக்கொள்ளட்டும்.

சாவிக்கும் சம்மதம் சொல்லிவிட்டேன். சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று கற்பனை செய்துகொள்ளாதே. சம்மதம் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, வயிறு எரிய எரியத்தான் அனுப்பினேன். அவர் 'சரி' என்றார். பத்து நிமிடத்தில் பட்டியலில் உன் பெயர் வந்துவிட்டது, என் பெயருக்குப் பக்கத்தில். நீ கேட்ட மாதிரியே.

உன் தனி விதியை அடிப்படையாக வைத்து நானே ஒரு திருத்தம் எழுதிப் போட்டிருக்கிறேன். கம்பெனியின் எண்ணை முதல் வரியிலிருந்து எடுக்கும். வேறொரு சாவிக்காரர் ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போகும் என்பது விதி. தொடங்கியவர் என்பதால் எல்லா டைரக்டரிக்கும் சாவி உள்ள மௌனசாமிதான் இதுவரை என் பேட்சுகளுக்கு 'சரி' போடுவார். இப்போது உன்னிடமும் சாவி இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 26

வாலு,

என் திருத்தத்தை நீ ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. மதியம் போட்டேன், மாலைக்குள் ஏற்றுவிட்டாய். ஒரு குறை இல்லை, ஒரு கேள்வி இல்லை.

நாற்பது குறை சொன்னவளுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் கொடுக்கிறாய். பெருந்தன்மையா? அது உனக்கு நன்றாக இருக்கலாம், எனக்குச் சுடுகிறது. ஊர் பார்க்க நான் தப்பை ஒத்துக்கொண்டேன், நீ தட்டிக்கொடுத்து அனுப்புகிறாய். அல்லது போன தடவை மாதிரி ஏதாவது தெரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாயா?

இன்னும் நான் அதை உள்ளே சேர்க்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

பெருந்தன்மை எல்லாம் இல்லை. குறை இருந்தது. பார்த்தேன், சொல்லவில்லை.

எங்கள் கம்பைலரை, வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கத் தருகிற தற்காலிக உரிமத்தில் ஓட்டினால் உரிமம் எப்போது முடிகிறது என்ற அறிவிப்புதான் முதல் வரியில் வரும். வெர்ஷன் ஒரு வரி கீழே இறங்கிவிடும். உன் திருத்தம் அந்தத் தேதியை வெர்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். முதல் வரி என்று பார்க்காமல், கம்பெனியின் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தடவை உன்னைத் தோற்கடிக்க நினைக்கவில்லை, சத்தியமாக. நீ பொதுவில் அப்படி எழுதி, சாவியும் கொடுத்த கையோடு, உன் நிரலில் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான்கு தடவை எழுத ஆரம்பித்து அழித்தேன். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா தப்பு பண்ணியிருக்காளா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவகிட்ட சொல்ல உனக்கு பயமா? இல்ல, சொன்னா அவ மூஞ்சி எப்படி மாறும்னு பாக்க ஆசையா?"

எது என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. இரண்டும் இருக்கலாம். ஒப்புதலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, குறையைப் பொதுப் பக்கத்தில் உன் வரிக்குக் கீழேயே எழுதிவிட்டேன். சோதனைக்கு மூன்று வரி மாதிரிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். எதையும் வெட்டவில்லை.

தங்கை


ஏப்ரல் 28

வாலு,

படித்தேன். காது சூடாகிவிட்டது. எழுந்து போய் சர்வர் அறையைத் திறந்துகொண்டு அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். நீ சொன்னது சரி. உன் மூன்று வரியை வைத்துச் சோதனையை ஓட்டினேன், சிவப்பு. நீ சொன்னபடி மாற்றினேன், பச்சை.

ஒன்றைச் சொல்கிறேன், இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாதே. மௌனசாமி என் பேட்சுகளைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். ஒருமுறை வேண்டுமென்றே ஒரு தப்பை உள்ளே வைத்து அனுப்பினேன். அதற்கும் 'சரி' வந்தது, நானே எடுத்துவிட்டேன். ஊரில் என் நிரலைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கலாம். அதில் தப்பு இருக்குமா என்று ஒரு வரி விடாமல் படித்த முதல் ஆள் நீ.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். அந்தத் தப்பை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், நீ கண்டுபிடித்தாய், அது இன்று முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் திருத்தியதை மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஒப்புதல் கேட்கிற இடத்தில் மௌனசாமியின் பெயரைப் போடவில்லை, உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

அக்கா